டர்பைன் ஹவுசிங்கைத் தேர்ந்தெடுத்தல்: மலை ஏறவும் நெடுஞ்சாலையில் ஓடவும்

டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கத்தில், டர்பைன் வீலைச் சுற்றி நத்தை ஓடு போல வளைந்து ஒடுங்கும் வார்ப்புக்குத்தான் டர்பைன் ஹவுசிங் என்று பெயர். எஞ்சினிலிருந்து வரும் சூடான வாயு இதற்குள் நுழைந்து, ஒடுங்கும் வழியில் வேகம் கூடி, வீலைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் வீல் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது; இந்தக் கூடுதல் அழுத்தமே பூஸ்ட். பூஸ்ட் எந்த ஆர்பிஎம்மில் எழும், மேல் ஆர்பிஎம்மில் எஞ்சினுக்கு மூச்சு முட்டுமா என்பவற்றைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த ஹவுசிங்தான். டர்போவின் மற்ற பாகங்களை அப்படியே வைத்துவிட்டு இதை மட்டும் மாற்றினாலும் வண்டியின் குணம் மாறிவிடும்.

கள்ளக்குறிச்சியில் உள்ள ஒரு வண்டிக்கு அன்றாடம் இரண்டு வேறுபட்ட சாலைகள் வாய்க்கின்றன. ஒன்று, சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் வழியாகச் செல்லும் சேலம்–உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலை 79. இது சமதளம், எஞ்சின் நிதானமான ஆர்பிஎம்மில் மணிக்கணக்காக ஓடும். இன்னொன்று, கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைப் பக்கமாக வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப்பாதை. அங்கே கொண்டை ஊசி வளைவில் வேகம் அடங்கி, வளைவு முடிந்ததும் ஏற்றத்தில் உடனே இழுவை வேண்டியிருக்கும். இந்த இரண்டுக்கும் பொருந்தும் ஹவுசிங்கைத் தேர்ந்தெடுப்பது, பொருத்துவது, சரிபார்ப்பது ஆகியவை இந்த அத்தியாயத்தில் வரிசையாகச் சொல்லப்படுகின்றன.

சட்டம் முதலில்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, உற்பத்தியாளர் தந்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4), அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. டர்போ இல்லாமல் விற்கப்பட்ட வண்டிக்கு டர்போ ஏற்றுவது இதில் அடங்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவதும் அப்படியே. விபத்து நேர்ந்தால் இதைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுக்கவும் இடமுண்டு.

அதனால் வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். வண்டி சாலைப் பதிவில் தொடரப்போகிறது என்றால், அந்த மாடலுக்கு உற்பத்தியாளர் கொடுத்த டர்போவும் ஹவுசிங்கும்தான் எல்லை. கீழே வரும் மதிப்பீடும் அளவெடுப்பும் அங்கேயும் பயன்படும். தேய்ந்த ஹவுசிங்குக்குப் பதிலாகத் தவறான ஒன்று வந்து சேராமல் காக்கும். அதற்கு மேல் போக விரும்பினால் அது போட்டிக்கென ஒதுக்கிய வண்டியாக இருக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயிலும் அதற்கான தடங்கள் இருக்கின்றன. சந்தேகம் வந்தால், பணம் கட்டும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

ஏ/ஆர் எண்: தேவையான அளவு மட்டும்

ஹவுசிங்கின் மேல் 0.64, 0.86 என்பது போல ஓர் எண் வார்த்தோ பொறித்தோ இருக்கும். வாயு செல்லும் குழியின் குறுக்குவெட்டுப் பரப்பை, தண்டின் மையத்திலிருந்து அந்தக் குழியின் மையம் வரையுள்ள தூரத்தால் வகுத்தால் கிடைப்பது இந்த எண். குழி ஒடுங்க ஒடுங்க மையத்துக்கு அருகில் வருவதால், ஓடு முழுவதும் இந்த விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

எண் சிறிதானால் வாயுவின் வேகம் கூடும், பூஸ்ட் சீக்கிரம் எழும். ஆனால் மேல் ஆர்பிஎம்மில் வாயு வெளியேற முடியாமல் தேங்கி பேக் பிரஷர் ஏறும். எண் பெரிதானால் மேலே சுகமாக ஓடும், கீழே லேக் (பூஸ்ட் எழும் தாமதம்) கூடும். தேர்வுக்கு இவ்வளவு கோட்பாடு போதும்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து இரண்டு டர்போக்களை ஒப்பிடுவது தவறு. கேரட் நிறுவனத்தின் ஜிடி2560ஆர், ஜிடி2860ஆர்எஸ் இரண்டுக்கும் 0.64 ஹவுசிங் உண்டு. முதலாவதன் டர்பைன் வீல் 53 மில்லிமீட்டர், டிரிம் (சிறிய, பெரிய விட்டங்களின் விகிதத்தின் வர்க்கம் × 100) 62; இரண்டாவதன் வீல் 53.9 மில்லிமீட்டர், டிரிம் 76. வீலின் வெளியேறும் வாய் முதலாவதில் ஏறக்குறைய 41.7, இரண்டாவதில் 47 மில்லிமீட்டர். எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டாவதில் கூடுதல் வாயு வெளியேறும். ஒரே டர்போ, ஒரே வீல் என்ற நிலையில் மட்டுமே ஏ/ஆர் ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.

எல்லா நிறுவனமும் இந்த எண்ணைப் பயன்படுத்துவதும் இல்லை. மிட்சுபிஷியும் ஹோல்செட்டும் குழியின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் குறிக்கின்றன; மிட்சுபிஷி டிடி05 ஓட்டில் 6 அல்லது 7 என்று இருந்தால் அது பரப்பு. ஐஎச்ஐ நிறுவனம் 'பி' எழுத்தோடு ஓர் எண்ணைப் போடுகிறது. இவற்றை ஏ/ஆர் ஆக மாற்றித் தருவதாகச் சொல்லும் அட்டவணைகளை நம்பி வாங்கக் கூடாது.

படி 1: வண்டி உண்மையில் எந்த ஆர்பிஎம்மில் ஓடுகிறது?

பலரும் தவிர்க்கும் படி இது. குதிரைத்திறனை முதலில் முடிவு செய்து அதற்கேற்ற டர்போவைத் தேடுவதுதான் வழக்கம். சாலை வண்டிக்கு அது தலைகீழான வரிசை.

எடுத்துக்காட்டாக 2 லிட்டர், 4 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். திருவள்ளூரில் தயாராகி, பிறகு இந்திய ராலிகளில் நிறைய ஓடிய மிட்சுபிஷி லான்சர் சீடியாவின் எஞ்சினும் இந்த அளவுதான். கணக்கு இப்படிப் போகும்:

1. டயரின் சுற்றளவை அளக்க வேண்டும். டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி, தரையில் அளந்தால் போதும். இங்கே 1.85 மீட்டர் என்று கொள்வோம்.
2. ஒவ்வொரு கியரின் விகிதத்தையும் ஃபைனல் டிரைவ் விகிதத்தையும் பெருக்க வேண்டும். இரண்டாம் கியர் 1.95, ஐந்தாம் கியர் 0.8, ஃபைனல் டிரைவ் 4.3 என்றால் முறையே 8.4, 3.44.
3. 1,000 ஆர்பிஎம்மில் வேகம்: இரண்டாம் கியரில் மணிக்கு சுமார் 13 கிலோமீட்டர், ஐந்தாம் கியரில் சுமார் 32 கிலோமீட்டர்.

கொண்டை ஊசி வளைவிலிருந்து 25 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாம் கியரில் வெளிவந்தால் எஞ்சின் 1,900 ஆர்பிஎம்மில் இருக்கும். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாம் கியரில் 3,100. ஏற்றத்தில் ஒரு லாரியை முந்தினால் 4,500 வரை போகலாம். இந்த வண்டியின் வாழ்க்கை பெரும்பாலும் 1,900-க்கும் 4,500-க்கும் இடையில் கழிகிறது. 6,000 ஆர்பிஎம்மில் கிடைக்கும் உச்சத் திறனுக்காக ஹவுசிங் வாங்கினால், அந்தப் பணம் நாளில் சில விநாடிகளுக்கு மட்டுமே வேலை செய்யும்.

படி 2: மலையின் உயரத்தைக் கணக்கில் சேர்த்தல்

சின்னக் கல்வராயன் பகுதி சராசரியாக 2,700 அடி உயரம், பெரிய கல்வராயன் 4,000 அடி. கள்ளக்குறிச்சி சமவெளியில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார். 2,700 அடியில் அது 0.92 பார், 4,000 அடியில் 0.87 பார் அளவுக்கு இறங்கும். பூஸ்ட் எழும் முன் எஞ்சினுக்குக் கிடைப்பது இந்த மெலிந்த காற்று மட்டுமே. அதனால் கீழே 1,900 ஆர்பிஎம்மில் சமாளித்த வண்டி, மேலே அதே ஆர்பிஎம்மில் எட்டு முதல் பதின்மூன்று விழுக்காடு வரை சோர்ந்திருக்கும். லேக்கும் சேர்ந்துகொண்டால் ஓட்டுநர் ஒன்றாம் கியருக்கு இறங்க வேண்டியதுதான்.

டர்போ சுழலும் வேகத்திலும் உயரம் கைவைக்கும். இசியு (எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி) முழு அழுத்தமாக, அதாவது வளிமண்டல அழுத்தமும் பூஸ்டும் சேர்த்து, 1.6 பாரைக் குறிவைத்தால், கம்ப்ரசர் அழுத்த விகிதம் கீழே 1.6, 2,700 அடியில் 1.74, 4,000 அடியில் 1.84. அதே முழு அழுத்தத்துக்கு மேலே டர்போ கூடுதல் வேகத்தில் சுழல்கிறது. வெறும் ஸ்பிரிங் வேஸ்ட்கேட் (மிகை வாயுவை டர்பைனைத் தவிர்த்து வெளியேற்றும் வாய்) என்றால் பூஸ்ட் கேஜ் மேலேயும் ஏறத்தாழ 0.6 பார் காட்டும்; ஆனால் எஞ்சினுக்குக் கிடைக்கும் முழு அழுத்தம் 1.6 இல்லை, 1.5 தான். மலையில் கேஜைப் பார்த்து 'பூஸ்ட் சரியாக இருக்கிறது, ஆனால் இழுவை இல்லை' என்று குழம்புவோர் இதை நினைவில் கொள்ளலாம். இதை ஈடுகட்ட பூஸ்டை மலையில் வைத்துக் கூட்டிவிட்டு, அதே அமைப்போடு சமவெளிக்கு இறங்கிவந்தால் நாக் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்தெரிதல்) ஆகிப் பிஸ்டன் உடையும் அபாயம் உண்டு.

ஆக, மலையும் சமவெளியும் கலந்து ஓடும் வண்டிக்குத் தராசு சிறிய ஹவுசிங் பக்கமே சாய்கிறது.

படி 3: மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டுமா?

சிறிய ஹவுசிங் போதுமா என்பதைக் காகிதத்திலேயே ஓரளவு பார்த்துவிடலாம். மேலே சொன்ன 2 லிட்டர் எஞ்சின், 0.6 பார் பூஸ்ட், 6,000 ஆர்பிஎம்:

1. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிரம்பும். 2 × 6,000 ÷ 2 = நிமிடத்துக்கு 6,000 லிட்டர். நிரம்பும் திறன் 90 விழுக்காடு என்றால் 5,400 லிட்டர், அதாவது 5.4 கன மீட்டர்.
2. 1.6 பார் முழு அழுத்தத்திலும் 50 டிகிரி செல்சியஸிலும் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.73 கிலோ. காற்று நிமிடத்துக்கு 9.3 கிலோ, அதாவது 20.5 பவுண்டு. டர்போ வரைபடங்கள் பெரும்பாலும் பவுண்டில் இருப்பதால் அந்த அலகும் தேவை.
3. ஒரு பவுண்டுக்கு சுமார் 10 குதிரைத்திறன் என்பது பெட்ரோலுக்கு வழக்கமான தோராயம். ஆக 205 குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சின் இது.
4. காற்று–எரிபொருள் விகிதம் 12 என்று வைத்து எரிபொருளைச் சேர்த்தால் எக்ஸாஸ்ட் வாயு 22.3 பவுண்டு.
5. டர்பைன் வரைபடம் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்பத் திருத்திய ஓட்டத்தைக் காட்டுவது. வாயு 900 டிகிரி செல்சியஸ், டர்பைனுக்கு முன் 1.9 பார் முழு அழுத்தம் என்று கொண்டால், 22.3-ஐ 2.02-ஆல் பெருக்கி 1.875-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 24.

இந்த 24-ஐ வரைபடத்தில் உள்ள ஹவுசிங் கோடுகளோடு ஒப்பிட வேண்டும். பேச்சுக்கு, ஒரு ஹவுசிங்கின் கோடு 17-இல் சமதளமாகிறது என்றால், மீதி 7 வேஸ்ட்கேட் வழியாக வெளியேற வேண்டும். அது மொத்தத்தில் முப்பது விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவு. வேஸ்ட்கேட் வாய் அந்த அளவைத் தாங்கினால் ஹவுசிங் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீழ் ஆர்பிஎம்மில் வேஸ்ட்கேட் மூடியிருக்கும். வாயு முழுவதும் ஹவுசிங் வழியாகவே போகும். அப்போது ஏ/ஆர் எண்ணின் ஆட்சி. மேலே வேஸ்ட்கேட் திறந்ததும் பாரம் பிரிகிறது. அதனால் 'சிறிய ஹவுசிங், தாராளமான வேஸ்ட்கேட்' என்ற கூட்டணி சாலைக்குச் சரிவரும். 'பெரிய ஹவுசிங், சிறிய வேஸ்ட்கேட்' கீழே பலவீனமான வண்டியைத்தான் தரும்.

ஜிடி2860ஆர்எஸ் டர்போவுக்கு 0.64, 0.86 இரண்டும் கிடைக்கும். 2 லிட்டர் எஞ்சினில் பெரியதற்குப் போனால் முழு பூஸ்ட் எழுவது ஏறத்தாழ 300 முதல் 500 ஆர்பிஎம் வரை தள்ளிப்போகும் என்பது பட்டறைக் கணக்கு. கேட்கச் சிறிய எண். ஆனால் வெள்ளிமலைப் பாதையில், அடுத்த வளைவுக்கு முன் உள்ள குறுகிய ஏற்றத்தில், அந்த 500 ஆர்பிஎம் வருவதற்குள் பிரேக்கில் கால் வைக்க வேண்டியிருக்கும். இந்த எஞ்சினுக்கு 0.64 என்பதே தீர்ப்பு. தடத்தில் மட்டும், 5,000 ஆர்பிஎம்முக்கு மேலேயே ஓடும் வண்டிக்கு 0.86.

படி 4: பொருந்துமா?

எண் முடிவானதும், வாங்கும் முன் இவற்றை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்:

1. டர்பைன் வீலின் பெரிய விட்டமும் சிறிய விட்டமும், வெர்னியரில். ஹவுசிங் அதே வீலுக்குக் கடைந்ததாக இருக்க வேண்டும்.
2. மேனிபோல்டு பக்க ஃபிளேஞ்ச்: டி25, டி3, டி4, வி-பேண்ட் என வகைகள். டி25 மேனிபோல்டில் டி3 ஹவுசிங் உட்காராது. இடையில் அடாப்டர் தகடு போட்டால் டவுன்பைப்பும் ஆயில் குழாயும் இடம் மாறும்.
3. வெளியேறும் பக்கத்தில் எத்தனை போல்ட், எந்த வடிவம்.
4. வேஸ்ட்கேட் ஹவுசிங்கிலேயே இருக்கிறதா, வெளியே தனியாக வேண்டுமா.
5. சுற்றியுள்ள இடம்: ஸ்டியரிங் தண்டு, பிரேக் குழாய், வயரிங், பானட்.

ட்வின் ஸ்க்ரோல் எனப்படும் இரட்டை அறை ஹவுசிங் கீழ் ஆர்பிஎம்மில் நல்ல பலன் தரும். ஆனால் மேனிபோல்டும் இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும். 1-3-4-2 வரிசையில் எரியும் எஞ்சினில் 1, 4 ஓர் அறைக்கும் 2, 3 மறு அறைக்கும் போக வேண்டும். பிரியாத மேனிபோல்டில் இதைப் பொருத்துவது வீண் செலவு.

பழைய ஹவுசிங் வாங்கும்போது

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் டர்போ ஹவுசிங் தனியாகவும் கிடைக்கும். டார்ச் அடித்து உள்ளே பார்க்காமல் விலை பேசக் கூடாது. வேஸ்ட்கேட் ஓட்டையைச் சுற்றியும், நத்தை ஓட்டின் நாக்கு தொடங்கும் மெல்லிய விளிம்பிலும்தான் முதலில் விரிசல் விழும். நாக்கில் மயிரிழை போன்ற சிறு கோடு பல ஹவுசிங்குகளில் காணப்படும். வெளிச்சுவர் வரை ஓடும் விரிசலோ, ஃபிளேஞ்சைக் குறுக்கே கடக்கும் விரிசலோ இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். வெல்டிங் வைத்த ஹவுசிங்கும் வேண்டாம். சூடேறி ஆறும்போது வெல்டிங்கின் ஓரமாகவே திரும்ப விரியும்.

வீல் சுழலும் உட்பரப்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வட்டமாகக் கீறல் பட்டால், முந்தைய வீல் உரசியிருக்கிறது. இரும்பு ஸ்கேலை ஃபிளேஞ்ச் மேல் நிறுத்தி, வெளிச்சம் நுழைகிறதா என்று பார்த்தால் வளைவு தெரியும். சிறு வளைவை லேத் பட்டறையில் சமப்படுத்தலாம்.

உலோகமும் முக்கியம். டீசல் எக்ஸாஸ்ட் பொதுவாக 700–800 டிகிரி செல்சியஸ். பெட்ரோல் டர்போவில் 900-ஐத் தாண்டும். டீசலுக்கு வார்த்த ஹவுசிங் விலை மலிவு என்று பெட்ரோல் எஞ்சினில் மாட்டினால் சீக்கிரம் விரிசல் விடும். பெட்ரோலுக்கு நிக்கல் மிகுந்த நி-ரெசிஸ்ட் வார்ப்போ வெப்பம் தாங்கும் ஸ்டெயின்லெஸ் வார்ப்போ வேண்டும்.

டீசல் வண்டி வைத்திருப்போருக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஓடும் டர்போ வண்டிகளில் டீசல் ஏராளம். அவற்றிலும் இரண்டு வகை. 75 குதிரைத்திறன் ஸ்விஃப்ட் டிடிஐஎஸ் போன்றவற்றில் நிலையான ஹவுசிங். அதே 1.3 லிட்டர் எஞ்சினின் 90 குதிரைத்திறன் வடிவத்தில் விஜிடி: ஹவுசிங்குக்குள் இதழ்கள் திறந்து மூடி, ஏ/ஆர் எண்ணையே ஓட்டத்தில் மாற்றும். விஜிடி வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றால் ஹவுசிங்கைச் சந்தேகிக்கும் முன் இதழ்கள் கரியில் இறுகியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதுவே காரணம். சுத்தம் செய்தால் போதும்.

பொருத்தும் முறை

பாதுகாப்பு: எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே தொட வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். துருவும் கரியும் கண்ணில் விழும், கண்ணாடி அவசியம். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட விடக் கூடாது. எக்ஸாஸ்டில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. மேனிபோல்டில் வெல்டிங் வேலை இருந்தால் ஜிஐ குழாயைப் பயன்படுத்தக் கூடாது. அதன் துத்தநாகப் புகை நச்சு.

1. பழைய ஹவுசிங், நடு உடல், கம்ப்ரசர் ஹவுசிங் மூன்றும் சேரும் இடங்களில் குறுக்கே ஒரு கோடு கீற வேண்டும். திரும்ப மாட்டும்போது கோணம் மாறாமல் இருக்க இதுவே வழி.
2. ஸ்டட்களுக்கு முந்தைய நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட வேண்டும். இறுகிய நட்டை இறுக்கும் திசையில் கொஞ்சம், கழற்றும் திசையில் கொஞ்சம் என்று அசைத்து எடுக்க வேண்டும். ஸ்டட் முறிந்தால் பாதி நாள் போய்விடும்.
3. பட்டையை அல்லது கிளாம்ப் போல்ட்களைக் கழற்றி, ஹவுசிங்கைச் சுற்றிலும் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் டர்பைன் வீலின் இறக்கை வளையும். வளைந்த இறக்கையை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது; சுழலும் பாகம் முழுவதும் பேலன்ஸ் இழந்துவிடும்.
4. புதிய ஹவுசிங்கை உலர்வாக மாட்டி, வீலைக் கையால் சுற்ற வேண்டும். எங்கும் உரசக் கூடாது. தண்டை ஒருபுறமாக அழுத்திக்கொண்டும் சுற்றிப் பார்க்க வேண்டும்.
5. நடு உடலின் ஆயில் வெளியேறும் வாய் கீழ்நோக்கி, செங்குத்திலிருந்து 35 டிகிரிக்குள் இருக்கும்படி திருப்ப வேண்டும். இதில் தவறினால் ஆயில் தேங்கி, சீல் வழியாக டர்பைனுக்குள் கசிந்து, வெண்ணீலப் புகை வரும். பழி டர்போ மேல் விழும்.
6. போல்ட்களுக்கு வெப்பம் தாங்கும் ஆன்டி-சீஸ் பூசி, எதிரெதிர் வரிசையில், டர்போ தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் இறுக்க வேண்டும். ஸ்டீல் கேஸ்கெட் எப்போதும் புதிது. சிலிக்கான் பேஸ்ட் எக்ஸாஸ்ட் பக்கத்தில் கூடாது. ஆயில் வழியிலும் கூடாது.
7. ஆயில் நுழையும் வாயில் சுத்தமான ஆயில் விட்டு, வீலைக் கையால் சில சுற்று சுற்ற வேண்டும். பிறகு ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்ற வேண்டும்.
8. ஃப்யூஸை மாட்டி எஞ்சினை ஐடிலில் சில நிமிடம் ஓட்டி, கசிவு பார்க்க வேண்டும். ஆறிய பின் போல்ட்களை மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

குறிப்பு: ஹவுசிங்குக்கு அருகில் போகும் பிரேக் குழாய், ஆயில் ஹோஸ், வயர் எதுவானாலும் வெப்பத் தகடு கட்டாயம். சூடான ஹவுசிங்கின் மேல் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கும்.

தேர்வு சரிதானா: எக்ஸாஸ்ட் அழுத்தத்தை அளத்தல்

ஹவுசிங் சிறியதா பெரியதா என்ற வாதத்தை முடிப்பது ஒரு சாதாரண பிரஷர் கேஜ். பலரும் இதைச் செய்வதில்லை. செய்தால் அடுத்த செலவு வேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.

1. மேனிபோல்டில், டர்போ ஃபிளேஞ்சுக்கு முன்னால், சிறு துளையிட்டு மரை வெட்ட வேண்டும். டர்போ கழற்றியிருக்கும்போதே செய்துவிட வேண்டும்; இரும்புத் துகள் உள்ளே போனால் டர்பைன் வீல் சேதமாகும்.
2. அதில் கால் அங்குல ஸ்டீல் குழாயை மாட்டி, ஓரிரு மீட்டர் நீளம் சுருளாக விட வேண்டும். சூடு ஆறியே கேஜுக்குப் போக இந்தச் சுருள். அதன் முனையிலிருந்துதான் ரப்பர் குழாய் தொடங்கலாம்.
3. எக்ஸாஸ்ட் அழுத்தத்தையும் பூஸ்டையும் ஒரே நேரத்தில், ஆர்பிஎம்மோடு சேர்த்துப் பதிய வேண்டும். இதற்கு இடம் டைனோ (உருளைகளின் மேல் வண்டியை ஓட்டி அளக்கும் மேடை). முழு ஆக்சிலரேட்டரில் பொதுச்சாலையில் செய்யக் கூடாது. கரும்பு டிராக்டர்களும் ஆடுமாடுகளும் குறுக்கே வரும் சாலைகள் இவை.

பூஸ்ட் 0.6 பார் இருக்கும்போது எக்ஸாஸ்ட் அழுத்தம் 0.9 என்றால் விகிதம் 1.5, சாலை எஞ்சினுக்கு இது நல்ல நிலை. 1.2 என்றால் விகிதம் 2, எல்லையைத் தொட்டாயிற்று. அதற்கு மேல் போனால் எரிந்த வாயு சிலிண்டரிலேயே தங்கி, புதுக்காற்றைச் சூடாக்கி, நாக் வரவழைக்கும். அப்போது முதலில் டவுன்பைப்பும் சைலன்சரும் அடைத்துள்ளனவா என்று பார்த்து, பிறகு வேஸ்ட்கேட், கடைசியாகத்தான் ஹவுசிங். விகிதம் 1-க்கு அருகில் இருந்தும் கீழே இழுவை இல்லை என்றால் ஹவுசிங் தேவைக்கு மேல் பெரிது.

பூஸ்ட் குறித்த அளவில் நிற்காமல் ஆர்பிஎம்மோடு ஏறிக்கொண்டே போனால், வேஸ்ட்கேட் வாய் போதவில்லை. ஹவுசிங்கில் அந்த ஓட்டையைப் பெரிதாக்கலாம். ஆனால் மூடும் தட்டு முழுவதும் உட்கார வேண்டிய விளிம்பைக் காப்பாற்ற வேண்டும். சரிசெய்யும் வரை அந்த வண்டியை முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டக் கூடாது.

மாட்டிய பிறகு

ஹவுசிங் மாறினால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவும் மாறும். இசியு டியூனிங்கை மறுபடி பார்க்காமல் ஓட்டுவது பிஸ்டனைப் பணயம் வைப்பது. டியூன் எந்த ஆக்டேனுக்குச் செய்யப்பட்டதோ அதையே நிரப்ப வேண்டும். அது மலையில் கிடைக்காமல் போகலாம் என்பதால், மலைமேல் ஓடும் நாள்களில் டேங்கைக் கள்ளக்குறிச்சியிலேயே நிரப்பிக்கொள்வது உத்தமம்.

ஏற்றம் முடிந்து வெள்ளிமலையில் நின்றதும் சாவியைத் திருப்பி அணைத்துவிடக் கூடாது. ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டால் ஆயில் சுற்றி டர்போவின் சூட்டை இறக்கும். இல்லையேல் தண்டைச் சுற்றி ஆயில் கரியாகிப் படியும். கோடையில் காய்ந்த புல்லின் மேலும் மக்காச்சோளத் தட்டையின் மேலும் வண்டியை நிறுத்தக் கூடாது. கல்வராயன் காடுகள் வேனிலில் எளிதில் தீப்பற்றும். டவுன்பைப்பின் சூடு அதற்குப் போதுமானது.

முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை போல்ட்களையும், ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் ஃபிளேஞ்ச் ஓரத்தில் கரிக்கோடு தெரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கரிக்கோடு இருந்தால் அங்கே வாயு கசிகிறது. டர்பைனுக்கு முன் வாயு கசியும் வண்டியில் எவ்வளவு சரியான ஹவுசிங் இருந்தாலும் பூஸ்ட் தாமதமாகவே எழும்.